இங்கே சொடுக்கவும்

கல்லூரியில் நூலகருக்குத் தனி அந்தஸ்து ஒன்று உண்டு. பேராசிரியர்கள் அவரை அலுவலக ஊழியர் என்று நினைப்பார்கள். அலுவலக ஊழியர்கள் அவரைப் பேராசிரியர் என்று நினைத்து டீக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ‘நோ டியூஸ்’ கையெழுத்துப் போடுகிற ஆள் இவர்தான் என்பதை மாணவர்கள் மூன்றாம் ஆண்டுக் கடைசியில் கண்டுபிடிப்பார்கள். வீட்டில் என் அந்தஸ்து என்ன என்பதை மனைவிதான் சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் அதைச் சொல்லாமல் இருப்பது அவளுடைய பெருந்தன்மை.

போதாக்குறைக்கு நாங்கள் குடியிருப்பது மயிலாடுதுறையில். இங்கே பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் சீர்காழி. இந்திய நூலகவியலின் தந்தை எஸ்.ஆர்.ரங்கநாதன் 1892-ல் பிறந்த ஊர். கணக்கு வாத்தியாராக இருந்த அவர் 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். போன புதிதில் அந்த வேலை பிடிக்காமல் பழையபடி கணக்குச் சொல்லிக் கொடுக்கப் போய்விடப் பார்த்தாராம். நல்லவேளை, லண்டனுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார்கள். “அவர் பிறந்த மண்ணிலிருந்து வருகிற காற்றைத்தான் நாம் சுவாசிக்கிறோம்” என்று நான் வீட்டில் அவ்வப்போது சொல்வதுண்டு. “காத்து வருதுல்ல, அப்ப ஃபேனை நிறுத்துங்க” என்பாள் மனைவி.

2020-ல் கல்லூரிகளை இழுத்து மூடினார்கள் அல்லவா, அப்போது எங்கள் முதல்வர் போனில் கூப்பிட்டு, “லைப்ரரியையும் ஆன்லைன்ல கொண்டாந்துடுங்க சார்” என்றார். சொல்ல வேண்டிய விஷயம் ஏராளமாக இருந்தது. கல்லூரி நூலகத்தின் கணினிப் பட்டியலான ஓபேக்கில் புத்தகம் தேடுவது எப்படி? காந்திநகர் இன்ஃப்லிப்நெட் மையம் 2010-லிருந்து கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்டில் நுழைந்து ஆய்விதழ்களையும் மின்னூல்களையும் எடுப்பது எப்படி? அதே மையத்தின் ஷோத்கங்காவில் முனைவர் பட்ட ஆய்வேடுகளை எட்டிப் பார்ப்பது எப்படி? கரக்பூர் ஐ.ஐ.டி. உருவாக்கிய தேசிய மின்னூலகம் எங்கே இருக்கிறது? இத்தனைக்கும் மாணவன் காலணா தர வேண்டியதில்லை. இப்படியெல்லாம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான் தடங்கல்.

அந்த மாணவன் யார் என்பதில்தான் சூட்சுமம். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவன், வீட்டிலேயே முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்தவள், ராத்திரியெல்லாம் பெட்ரோல் பங்கில் நின்றுவிட்டு வகுப்பில் கண்ணயர்கிறவன், கைக்குழந்தையோடு மறுபடி படிக்க வந்தவள், பார்வையில்லாத வரலாற்று மாணவர், காது கேளாத வணிகவியல் மாணவி. இவர்களில் ஒருவரையும் நினைக்காமல், எதிரே என்னைப் போலவே கண்ணாடி போட்ட இன்னொரு நூலகர் உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருக்கிறார் என்ற பாவனையில் நான் காணொளி தயாரிக்க உட்கார்ந்தேன்.

ஒலிப்பதிவுக்குப் போர்வை நல்லது என்று எங்கோ படித்திருந்தேன். எதிரொலியை அது வாங்கிக்கொள்ளுமாம். அக்னி நட்சத்திரத்தில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, கம்பளிப் போர்வைக்குள் கைபேசியோடு புகுந்தேன். வெளியே காய்கறி வண்டிக்காரரின் ஒலிபெருக்கி, உள்ளே குக்கர் விசில். இரண்டுக்கும் நடுவே கிடைத்த இடைவெளிகளில் நான் கணீரென்று பேசினேன். முதலில் வணக்கம். அடுத்து நிர்வாகத்துக்கு, முதல்வருக்கு, துறைத் தலைவர்களுக்கு நன்றி. பிறகு நூலகம் என்பது ஓர் அறிவுக் கோயில் என்பது பற்றிச் சில சொற்கள். என் மகள் அதற்கு வீணை இசையைப் பின்னணியாகச் சேர்த்துக் கொடுத்தாள். அவளுக்கு அப்போது என் மேல் மரியாதை இருந்தது.

கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து முதல் காட்சி போட்டேன். மனைவி கறிவேப்பிலை உருவிக்கொண்டே பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து, “இன்னும் வணக்கம்தான் ஓடுதா?” என்றாள்.

“முன்னுரை.”

“ரசம் வைக்கிற வீடியோல முதல் வரியே புளியை ஊறப் போடுன்னு வரும். ரசத்தோட வரலாறு சொல்லிட்டு இருந்தா பசிக்கிறவன் அடுத்த வீடியோவுக்குப் போயிடுவான். உங்க வீடியோல புளி எங்க இருக்கு?”

புளி எட்டாவது நிமிடத்தில் இருந்தது. ரங்கநாதன் 1931-ல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமி என்பது. பட்டயப் படிப்புத் தேர்வில் அதற்கு நான் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கியவன். அந்த நூலைப் புரட்டியே பார்க்காத ஒருத்தி, கறிவேப்பிலைக் காம்பைக் கையில் வைத்துக்கொண்டு அதை எனக்கு நினைவூட்டினாள்.

மகளுடைய குறை வேறு. “அப்பா, இது எழுநூறு எம்.பி. இருக்கு. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜி.பி.தான். கிராமத்துல இருக்கிற பசங்க பாதி டேட்டாவை உங்க வணக்கத்துக்கே குடுக்கணுமா?” ரங்கநாதன் காலத்தில், அதே 1931-ல், மன்னார்குடியில் புத்தகங்களை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். வண்டி வாசகரைத் தேடிப் போனது. என் காணொளியோ வாசகரை டவர் கிடைக்கிற மொட்டை மாடிக்கு வரச் சொன்னது.

அம்மாவுக்கு அப்போதுதான் ஒரு கண்ணில் புரை நீக்கியிருந்தோம். மங்களகரமாக இருக்கட்டும் என்று வெள்ளைப் பின்னணியில் நல்ல மஞ்சள் எழுத்தில் தலைப்புகளைப் போட்டிருந்தேன். “ஏண்டா, எழுத்தையே காணுமே? கண்ணு மறுபடி போயிடுச்சா?” என்று அம்மா கலங்கிவிட்டாள். அம்மாவின் கண்ணில் கோளாறே இல்லை. இணையப் பக்கங்களை எல்லோரும் படிக்கும்படி அமைப்பதற்கென்று உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட நெறிமுறைகள் உண்டு. டபிள்யூ.சி.ஏ.ஜி. என்பார்கள். சாதாரண அளவு எழுத்துக்கும் அதன் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது அது. வெள்ளையில் கறுப்பு 21-க்கு 1. வெள்ளையில் என் மங்கள மஞ்சள் 1.07-க்கு 1. அதாவது வெற்றுத் தாளுக்கும் அதற்கும் கிட்டத்தட்ட வித்தியாசமே இல்லை.

இதை அளக்கும் கருவி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது என்று மகன் கண்டுபிடித்ததிலிருந்து வீட்டில் நிம்மதி போயிற்று. வருகிற கல்யாணப் பத்திரிகையெல்லாம் பரிசோதனைக்குப் போகிறது. சந்தன நிறத் தாளில் தங்க எழுத்துப் பத்திரிகை ஒன்று தோற்றதை, அதைக் கொடுக்க வந்த என் மைத்துனரிடமே அவன் அறிவித்தான். “மாமா, மண்டபம் பேரு ஃபெயில்.” அந்தப் பழியும் என் கணக்கில்தான் எழுதப்பட்டது.

அப்பாவுக்குக் காது மந்தம். காதுக் கருவி டிராயரில் பத்திரமாக இருக்கிறது. அதை எடுத்து மாட்டினால் தேய்ந்துவிடும் என்பது அவர் கொள்கை. ஆகவே அவருக்கும் வணிகவியல் மாணவிக்கும் ஒரே தேவை, திரையின் அடியில் ஓடும் எழுத்து. உட்கார்ந்து தட்டச்சு செய்யச் சோம்பல்பட்டு, பேச்சை எழுத்தாக்கும் செயலி ஒன்றிடம் என் குரலைக் கொடுத்தேன். என்-லிஸ்ட் என்று நான் சொன்னதை அது எண்ணெய் லிஸ்ட் ஆக்கியது. தேடுசொற்களைச் சேர்த்தும் விலக்கியும் தேடுகிற பூலியன் தேடல், புளியந்தேடல் ஆனது. ரங்கநாதனின் நான்காம் விதி, ரங்கநாதன் நாலாம் வீதி. ஷோத்கங்கா எப்படிப் போயிருக்கும் என்று உங்கள் ஊகத்துக்கே விடுகிறேன், சாப்பாடு சம்பந்தப்பட்டது. அந்தக் காணொளி முழுக்க ஒரே ஒரு வாக்கியம்தான் எழுத்துப் பிசகாமல் வந்திருந்தது. அது நான் பேசியதில்லை. பின்னணியில் அடுக்களையிலிருந்து கேட்ட, “ஏங்க, கேஸ் புக் பண்ணீங்களா இல்லியா?”

அப்பா முழுவதையும் பொறுமையாகப் படித்துவிட்டு, “எல்லாம் சரி தம்பி, அந்த லிஸ்ட்ல நல்லெண்ணெய் இருக்கா?” என்று கேட்டார்.

கையால் உட்கார்ந்து திருத்தினேன். திருத்தியதை வணிகவியல் மாணவிக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து வந்த பதில் சுருக்கமாக இருந்தது. எழுத்து சரி, வாக்கியம்தான் நீளம். படித்து முடிப்பதற்குள் படம் மாறிவிடுகிறது. சைகை மொழியில் யோசித்து வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. என் வாக்கியங்களோ ‘ஆனபடியினாலும்’ என்று தொடங்கி, கமா போட்டுக் கமா போட்டு, அடுத்த ஸ்டேஷன் வரை ஓடும் சாதி. மனைவி ஒரு சுலபமான சோதனையைச் சொன்னாள். “நான் நடுவுல குறுக்கே பேசுறதுக்குள்ள முடியிற மாதிரி ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதுங்க.” அதற்கப்புறம் என் வாக்கியங்கள் ஐந்தாறு சொற்களைத் தாண்டுவதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலான பாடம் கல்லூரி திறந்த பிறகு, பார்வையில்லாத அந்த வரலாற்று மாணவர் மடிக்கணினியோடு வந்தபோது கிடைத்தது. என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பானை அவர் பயன்படுத்துகிறார். ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்றவர் 2006-ல் தொடங்கியது, இன்றுவரை இலவசம். திரையில் இருப்பதைக் குரலாக்கிச் சொல்லும். அவர் வைத்திருந்த வேகத்தில் அது சொன்னதில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அவர் சாவகாசமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார், உங்க வீடியோவை ரெண்டு மடங்கு வேகத்துல கேட்டேன். அப்பவும் நன்றிதான் சொல்லிட்டிருந்தீங்க. நடுவுல வீணை வேற. என் சாஃப்ட்வேர் பேசுறதா, நீங்க பேசுறதா, வீணை பேசுறதான்னு தெரியல” என்றார். “அதுகூடப் பரவாயில்ல. ‘திரையில் தெரியும் இதைச் சொடுக்கி, அப்புறம் இங்கே வந்து, அதை அழுத்தவும்’னு சொன்னீங்களே, எதை சார்?”

காணொளி போகட்டும் என்று, கூடவே நான் போட்டிருந்த எழுத்து வழிகாட்டியைத் திறந்தார். என்.வி.டி.ஏ.வில் ஒரு பக்கத்தில் உள்ள இணைப்புகளை மட்டும் பட்டியலாக எடுத்துக் கேட்கலாம். கண்ணுள்ளவர் பக்கத்தை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பதற்குச் சமம் அது. பட்டியல் ஒலித்தது: இங்கே. இங்கே. இங்கே. இங்கே. ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஊருக்குப் போகிற வழி. பேர்ப்பலகை எல்லாம் ஒன்று. ‘என்-லிஸ்டில் நுழைய’, ‘ஓபேக்கில் தேட’ என்று இணைப்புக்கே பெயர் வைத்திருந்தால் முடிந்தது விஷயம். இணைப்பாக வைத்த படங்களுக்கு விளக்க வரியும் எழுதவில்லை. ஆகவே அது கோப்பின் பெயரைப் படித்தது. ‘ஃபைனல் புதியது ஒரிஜினல் ஃபைனல் இரண்டு’. என் கோப்புகளுக்கு நான் பெயர் வைக்கும் லட்சணம் அன்று நூலகம் முழுக்கக் கேட்டது. உதவியாளர் புத்தகம் அடுக்குவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

நூலக விதிமுறைகள் என்ற பக்கத்துக்கு வந்ததும் மாணவர் தயங்கினார். “சார், இதுல பாஸ்வேர்டு எல்லாம் போட்டு வச்சிருக்கீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சுடாதா?”

பாஸ்வேர்டா? கேட்டுப் பார்த்தேன். ‘எம் கே செமிகோலன் கே எச்’ என்கிற ரீதியில் பக்கம் முழுக்கப் போய்க்கொண்டிருந்தது. பாமினி! எங்கள் அலுவலகத்தில் அந்நாளில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொடுத்ததை அப்படியே ஏற்றியிருந்தேன். அந்த எழுத்துருவில் கண்ணுக்குத் தமிழ் தெரியும். உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்துகள். ‘அம்மா’ என்று கணினிக்குள் எழுதியிருப்பதுதான் அந்த எம் கே செமிகோலன் கே எச். பெற்ற தாயை இப்படிக் கூப்பிடும் பிள்ளையை எந்த வீட்டிலும் சேர்க்க மாட்டார்கள். தமிழைத் தமிழாகவே கணினிக்குள் வைக்கும் ஒருங்குறியை, அதாவது யூனிகோடை, தமிழக அரசு தரமாக அறிவித்தது 2010-ல். ஆனாலும் பாமினியிலும் வானவில்லிலும் அடித்த சுற்றறிக்கைகள் இன்னும் கல்லூரிகளில் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. ஸ்கேன் செய்து பி.டி.எஃப். ஆக்கிவிட்டால் ‘டிஜிட்டல்’ ஆகிவிட்டது என்று நம்புகிறவர்களும் இருக்கிறார்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்கும் எழுத்துணரி வழியாகப் போகாத அந்த பி.டி.எஃப். வெறும் புகைப்படம், திரைவாசிப்பான் அதன் முன்னால் வாயடைத்துப் போகும். தமிழில் இந்தக் கோளாறைச் சரிசெய்யாமல் ஆங்கில நெறிமுறைகளை மட்டும் கரைத்துக் குடிப்பதில் பிரயோஜனம் இல்லை என்பது என் கட்சி.

அந்த மாணவர் உலகத்தில் ஒரு நாளாவது இருந்து பார்ப்போம் என்று, வீட்டுக்கு வந்ததும் என் கைபேசியில் டாக்பேக்கை முடுக்கினேன். ஆண்டிராய்டிலேயே இருக்கும் திரைவாசிப்பான் அது. ஒரு முறை தொட்டால் அது என்னவென்று சொல்லும். இரு முறை தட்டினால்தான் திறக்கும். விரலை இழுத்தால் அடுத்ததற்குப் போகும். முடுக்குவது சுலபம். நிறுத்தத்தான் எனக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில், நிறுத்தும் பதற்றத்தில் நான் தொட்டதையெல்லாம் அது உரக்க வாசித்தது. நேரம் வாசித்தது, பேட்டரி வாசித்தது. கடைசியில் வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியையும் வாசித்தது: இவ்வளவு ரூபாய் கழிக்கப்பட்டது, பெற்றவர் இன்ன புத்தக நிலையம்.

கூடத்தில் அமைதி. நூலகத்தில் நான் இத்தனை வருஷமாகக் கேட்டு வாங்க முடியாத அமைதி.

“அந்தப் பார்சல் காலேஜுக்கு வந்ததுன்னு சொன்னீங்க” என்றாள் மனைவி. “காலேஜுக்குத்தான் வந்தது” என்றேன். முகவரியைப் பொறுத்தவரை அது உண்மை. ஒலி கூட்டும் குறைக்கும் விசைகள் இரண்டையும் சேர்த்துச் சில நொடி அழுத்தினால் டாக்பேக் நிற்கும்படி முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம் என்று மகள் பிறகு காட்டினாள். ‘பிறகு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்காக: மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. முன்பு ஏழாக இருந்த குறைபாட்டு வகைகளை அது 21 ஆக்கியது. எழுத்துகள் குழம்பித் தெரியும் கற்றல் குறைபாடும் அதில் அடக்கம். அரசுக் கல்லூரிகளிலும் அரசு உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இடம் ஒதுக்கச் சொல்கிறது. பார்வையற்றோருக்காகப் புத்தகத்தை வேறு வடிவில் மாற்றிக்கொள்ள நம் பதிப்புரிமைச் சட்டம் 2012-லேயே இடம் கொடுத்துவிட்டது. இதற்கான உலக ஒப்பந்தமான மரகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. இவ்வளவு தூரம் முதலில் போய் நின்ற நாட்டில்தான் நான் வெள்ளையில் மஞ்சள் எழுதிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் காணொளிகள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு வேலையைச் சொல்கின்றன. இரண்டு மூன்று நிமிடத்தில் முடிகின்றன. வணக்கம் ஒரு சொல். வீணை ஓய்வு பெற்றது. ‘இதை, அதை’ போய், ‘உள்நுழைக என்று எழுதிய பொத்தானை’ என்று வாயால் சொல்கிறேன். அப்படிச் சொல்வது போர்வைக்குள் இருந்துகொண்டு கிரிக்கெட் வர்ணனை செய்வது மாதிரி இருக்கிறது என்று மகன் கேலி செய்கிறான். செய்யட்டும். பக்கத்திலேயே அதே பாடம் எழுத்திலும் இருக்கிறது, ஒருங்குறியில், சில கே.பி.யில். இந்த எழுத்து வடிவம்தான் உண்மையில் காலத்துக்கு நிற்கிறது. என்-லிஸ்ட் மாதிரியான தளங்கள் முகப்பை மாற்றிப் பொத்தானை இடம் பெயர்த்தால், எழுத்தில் ஒரு வரியைத் திருத்தினால் போதும். காணொளிக்கு மறுபடி போர்வைக்குள் போக வேண்டும்.

ஒன்றைச் செய்தால் இன்னொருவருக்கு இடிக்கும் இடங்களும் இருக்கின்றன. திரையில் உள்ளதை வரி விடாமல் வாசித்தால் பார்வையற்றவருக்கு நல்லது. கண்ணால் படித்துக்கொண்டே காதால் அதையே கேட்பவருக்குக் கவனம் சிதறும். திரையில் சொற்களைக் குறைத்து, அடியெழுத்தை வேண்டியவர் மட்டும் போட்டுக்கொள்ளும்படி விடுவதுதான் நான் கண்ட சமரசம். வேடிக்கை என்னவென்றால், அடியெழுத்தை நம்பிப் பார்ப்பவர்கள் காது கேளாதவர்கள் மட்டுமில்லை. பெட்ரோல் பங்க் பையன் நடுராத்திரியில் ஒலியை அணைத்துவிட்டுப் படிக்கிறான். கைக்குழந்தைக்காரி தொட்டிலை ஆட்டிக்கொண்டே படிக்கிறாள். சக்கர நாற்காலிக்கென்று எங்கள் நூலக வாசலில் கட்டிய சாய்தளத்தில் உதவியாளர்தான் தினமும் புத்தகத் தள்ளுவண்டியை ஏற்றுகிறார். ஒரு பேராசிரியர் பைக்கையும் ஏற்றப் பார்த்தார், அதை மட்டும் தடுத்தேன்.

புதிய காணொளி எதுவும் எங்கள் கூடத்துத் தணிக்கைக் குழு பார்க்காமல் வெளியே போவதில்லை. அம்மா எழுத்தின் நிறம் பார்ப்பாள், அப்பா அடியெழுத்து, மகள் டேட்டா, மகன் கேலி. மனைவி புளி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாள். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக்கு வரும் குழு இவர்களைவிடச் சாது.

வாசகர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளை படிக்கும் கல்லூரியின் நூலகப் பக்கத்தைக் கணினியில் ஒரு முறை திறந்து பாருங்கள். மௌஸைத் தொடாமல் டேப் விசையையும் என்டரையும் மட்டும் தட்டி ஒரு புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். பிறகு ஒலியை அணைத்துவிட்டு அவர்கள் போட்டிருக்கும் காணொளியைப் பாருங்கள். தேட முடியாவிட்டாலும், பார்த்தது புரியாவிட்டாலும் உடனே நூலகருக்கு ஒரு கடிதம் போடுங்கள்; அவருக்குக் கடிதம் போடுகிறவர்கள் குறைவு, மகிழ்ந்துபோவார். அந்த நூலகர் நானாக இருந்தால் மட்டும் கல்லூரி முகவரிக்கே எழுதுங்கள். வீட்டுக்கு வரும் தபாலை முதலில் பிரிப்பது நானில்லை.